லேமினேஷன் போட்ட விடுதலை

காலையில் ஜன்னலைத் திறந்ததும் முதலில் வந்து நிற்பவர் பெரும்பாலும் வீடு வாடகைக்கு விடும் கம்பெனி ஆளாக இருப்பார். ஒரு பெயரும் பிறந்த தேதியும் எழுதிய தாளை உள்ளே தள்ளுவார். இந்த ஆள்மேல் வழக்கு ஏதும் உண்டா என்று யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம், அது இந்த ஊர் உரிமை. அமெரிக்காவில் ஒரு சின்ன கவுண்டியில், நம் ஊர்க் கணக்கில் மாவட்டத்தில், ஆவணப் பிரிவில் உட்கார்ந்து அதற்குப் பதில் சொல்வதுதான் என் பிழைப்பு. கம்ப்யூட்டரில் தட்டிப் பார்ப்பேன். சில பெயர்களுக்கு எதிரே, இனி யார் கண்ணிலும் படக்கூடாது என்று கோர்ட் உத்தரவுப்படி மூடி முத்திரையிட்ட வழக்கு என்று குறிப்பு வரும். நான் நிமிர்ந்து, "நோ ரெக்கார்ட்" என்பேன். ஓர் எறும்பைக்கூட மிதிக்காதவனுக்கும் அதே பதில், அதே தாள், அதே முகம். முகமும் மாறக்கூடாது என்று பயிற்சியிலேயே சொல்லிவிட்டார்கள்.

சேர்ந்த புதிதில் என் மேலதிகாரி டோனாவிடம் கேட்டேன், "மூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன?" என்று. "மூடியிருக்கிறது என்றாலே உள்ளே ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இல்லை என்றுதான் சொல்லவேண்டும். சட்டம் அது" என்றாள். "அப்படியென்றால் அரசாங்கமே பொய் சொல்லுமா?" என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, "உன் மதத்தில் தடை இருந்தால் தயங்காமல் சொல், வேறு பிரிவுக்கு மாற்றித் தருகிறேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் கிருத்திகைக்குத் திருப்போரூர் முருகனுக்கும் போகிற வீடு எங்களுடையது. நான் கேட்டது சாமிக்காக இல்லை, என் தம்பிக்காக. அதை அவளிடம் ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வரவில்லை.

தம்பி தினேஷ் ஐடிஐ படித்த ஃபிட்டர். கல்பாக்கம் பக்கம் ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலை. கழுத்தில் அணுமின் நிலையத்து கேட் பாஸ் தொங்கும். டீக்கடைக்குப் போனாலும் கழற்ற மாட்டான், அத்தனை பெருமை. எங்கள் காலனியில் ஒரு பெரியவர் இறந்தபோது, பாடையை ஊர்த்தெரு வழியாகக் கொண்டுபோகக் கூடாது என்று தகராறு. கல் வந்து விழுந்தது. ஷிப்ட் முடித்து பஸ்ஸைவிட்டு இறங்கியவன் என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்திருக்கிறான். போலீஸ் கைக்கு எட்டியவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனது. எறிந்தவர்கள் பெயரை யாரும் எழுதவில்லை. எறி வாங்கியவர்கள் பெயர்தான் எழுதப்பட்டது. பாஸ் போயிற்று. செங்கல்பட்டு கோர்ட்டுக்கு நடையாய் நடந்து, கடைசியில் ஒருவழியாக விடுதலை.

அம்மா அந்தத் தீர்ப்பின் நகலை வாங்கி, கோர்ட் வாசலிலேயே லேமினேஷன் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் நான் இங்கே எழுதுகிறேன். மளிகைக்கடை, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எங்கே போனாலும் பையில் அது இருக்கும். "எம்புள்ள மேல ஒண்ணும் இல்லன்னு ஜட்ஜே எழுதிக் குட்துகிறாரு, பாரு" என்று நீட்டுவாள். வழக்கு இருந்ததே தெரியாதவர்களுக்கும் அன்றைக்குத் தெரிந்துவிடும். அணுபுரத்திலிருந்து பெண் கொடுக்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

பிறகு வேறோர் ஒப்பந்தக்காரர் தினேஷைக் கூப்பிட்டார். புது பாஸுக்குப் போலீஸ் விசாரணை உண்டு. ஸ்டேஷன் ஏட்டு நல்ல மனிதர். "அதான் விடுதலை ஆயிடுச்சே. நான் ஒண்ணும் எழுதல, நீ போ" என்று அனுப்பிவிட்டார். இங்கே சட்டம் போட்டுச் செய்வதை அங்கே ஒரு மனிதர் தன் மனதுக்குச் செய்தார். தம்பிக்கு உயிரே திரும்பி வந்தது. அம்மாவுக்கு அது போதவில்லை. புள்ளைக்கு நாமும் ஏதாவது செய்யவேண்டும் என்று, அவனிடம் சொல்லாமல் பஸ் ஏறி ஒப்பந்தக்காரர் ஆபீஸுக்கே போய், பையிலிருந்து அதை எடுத்து நீட்டியிருக்கிறாள்.

"கேஸா? இன்னா கேஸும்மா?" என்று கேட்டாராம் அங்கே இருந்தவர்.

அந்த வாரமே வேலை இல்லை என்று ஆகிவிட்டது. தினேஷ் எனக்குப் போன் செய்து, "யக்கா, அம்மாவாண்ட மட்டும் சொல்லிடாத. ஆளு கொறச்சிட்டாங்கன்னு சொல்லி வெச்சுகிறேன்" என்றான். இப்போது மாமல்லபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். எனக்கு அம்மாமேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அழுதேன். அங்கேயும் வழக்கை இப்படி மூடி வைக்க முடியுமா என்று இங்கிருந்தே ஒரு வக்கீலிடம் கேட்டேன். "பதினெட்டு வயசு தாண்டினவங்களுக்கு நம்ம பக்கம் அந்த மாதிரி தனிச் சட்டம் கெடையாதும்மா. ஐகோர்ட்டுல கேட்டுப் பாக்கலாம். கெடைச்சாலும் கெடைக்கும்" என்றார். தினேஷ் வேண்டாம் என்றுவிட்டான். இன்னொரு தாளா, போதும்க்கா என்றான்.

போன வாரம் அவனே கேட்டான். "உங்க ஆபீஸ்ல எம்பேர போட்டா இன்னா வரும்?"

"ஒண்ணும் வராதுடா. நீ இங்க வந்ததே இல்லியே."

"சும்மா போட்டுப் பாரேன்."

வேலை செய்கிறவர்கள் தங்கள் இஷ்டத்துக்குப் பெயர் தேடக்கூடாது. அதனால் மதிய இடைவேளையில் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய், கட்டிடத்தைச் சுற்றிவந்து, என் ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றேன். என் நாற்காலியில் டோனா. பெயரையும் பிறந்த தேதியையும் எழுதிக் கொடுத்தேன். யார் என்று அவள் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. தட்டினாள், பார்த்தாள், நிமிர்ந்தாள். எனக்கு நன்றாகத் தெரிந்த அந்த முகத்தோடு, "நோ ரெக்கார்ட்" என்றாள். வேறு எதுவும் வர வழியில்லை என்று தெரிந்தும், கொடுத்த பெயரில் எழுத்து சரியா என்று எட்டிப் பார்த்தேன். முத்திரை குத்திக் கொடுத்த தாளைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு உள்ளே திரும்பினேன்.

நான் போய் உட்காருவதற்குள் குரல் செய்தி வந்துவிட்டது. "சூப்பரா கீதுக்கா. சீலெல்லாம் போட்டு கீது." ஒரு சவாரியை ஏற்றிக்கொள்ளும் சத்தம். பிறகு, "அம்மாவாண்ட காட்டிடாத. அதையும் லேமினேஷன் போட்டு எட்துகினு எங்கனா பூடும்."

கால் வைக்காத நாட்டில் என் தம்பிமேல் ஒன்றுமில்லை. அந்தத் தாளை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். சற்று முன் நான் நின்ற இடத்தில் இப்போது வேறொருவர் நின்றிருந்தார். அவர் தள்ளிய தாளில் இருந்த பெயரைத் தட்டினேன். மூடிய வழக்கு என்று வந்தது. "நோ ரெக்கார்ட்" என்றேன். என்ன சொன்னீர்கள் என்று அவர் ஜன்னலருகே குனிந்தார். முகத்தைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை சொன்னேன்.