மல்பெரி என்று நான் வெட்டிய தடி

பிள்ளைகளே, அம்மாவின் வலது தோள் இறுகிப்போன அந்த மாரிகாலத்தை நீங்கள் இரண்டு பேரும் அரைகுறையாகத்தான் அறிவீர்கள். தம்பி, நீ மிகச் சின்னவன். மகளே, உனக்குத் தெரிந்ததும் பாதிதான். நான் அதிகம் படித்தவன் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அம்மாவால் கையைத் தோளுக்கு மேலே தூக்க ஏலாமல் போயிற்று. உனக்குத் தலை பின்ன, உன்னைத் தரையில் இருத்தித் தான் கதிரையில் இருந்து பின்னினாள். ஜிபி டொக்டர் தந்த குளிசை வயிற்றை எரித்தது. வேலையிடத்தில் ஒருவர் சொல்லி, வால்தம்ஸ்டோவில் ஒரு சீன மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா ஒரு பொட்டலம் தந்தார். மல்பெரி மரத்தின் இளங்கொப்பு, சரிவாகச் சீவி உலர்த்தியது. கை, தோள் வலிக்குத் தங்கள் ஆட்கள் காலங்காலமாக அவித்துக் குடிப்பது என்றார்.

"ஊரில வாத்தியார் தடியால அடிச்சார். இஞ்ச மனுசன் தடியை அவிச்சுத் தாறார்" என்று அம்மா சிரித்துக்கொண்டே குடித்தாள். மூன்றாம் கிழமை கை காது வரை வந்தது. தடியாலோ தானாகவோ, எனக்குத் தெரியாது.

பொட்டலம் முடிந்த நேரம் பார்த்துச் சீனப் புதுவருடம். கடை இரண்டு கிழமை பூட்டு.

எங்கள் பின் ஒழுங்கையில், ஆளில்லாத வீட்டு மதிலுக்கு மேலாக ஒரு மல்பெரி சாய்ந்து நின்றதே, அதன் பழத்தால் கோடையில் உங்கள் சப்பாத்தெல்லாம் கறுப்பாகும். அந்த மரம் எனக்குத் தெரிந்த மரம் என்று நினைத்தேன். மாசி மாதம், மருந்துக்கும் ஒரு இலை இல்லை. எட்டிய கொப்பில் நாலைந்து வெட்டினேன். அம்மா வேலைக்குப் போன நேரம் சீவி, ஓவனில் காயவைத்து, பழைய பொட்டலத்திலேயே போட்டுவைத்தேன். ஒழுங்கைத் தடி என்றால் அவள் தொடமாட்டாள்.

"கடை திறந்திட்டினமோ?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெறும் வயிற்றில் குடித்தாள். "இது நல்லாக் கைக்குது."

"புதுசு. அதுதான்."

அரை மணித்தியாலம் ஆகவில்லை. குளியலறையில் சத்தி எடுக்கத் தொடங்கினாள், நிற்கவேயில்லை. கை ஐஸ் போல இருந்தது. "இஞ்சாருங்கோ, நெஞ்சு படபடக்குது" என்றாள். தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மகளே, உன்னையும் ஏற்றிக்கொண்டு காரில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

நர்ஸ் கேட்டதற்கு அம்மா, "கடை மருந்து, மல்பெரி" என்றாள். நீ ஆங்கிலத்தில் சொன்னாய். நர்ஸ் தலையை ஆட்டவில்லை.

"அப்பா, மல்பெரிக்கு இப்பிடி வராதாம். வேற ஏதும் குடுத்தனீங்களோ எண்டு கேக்கிறா."

நான் கட்டிலைப் பார்த்தேன். அம்மாவின் கண்மணி இரண்டும் கறுத்து விரிந்திருந்தன. "கடையில வாங்கேல்லை எண்டு சொல்லு பிள்ளை. நான்தான் ஒழுங்கையில வெட்டினனான்."

நீ நர்ஸிடம் சொல்லமுதல் என்னைக் கேட்டாய். "அம்மாட்டப் பொய் சொன்னனீங்களோ?"

"முதல்ல அவவுக்குச் சொல்லு!"

அந்தத் தடியைக் கொண்டுவரச் சொன்னார்கள். வீட்டில் மிச்சத்தை எடுத்துக்கொண்டு, மரத்தையும் பார்க்க ஒழுங்கைக்கு ஓடினேன். அன்றைக்குத்தான் கைக்கு மேலே நிமிர்ந்து பார்த்தேன். மதிலுக்குப் பின்னால் ஒன்றல்ல, இரண்டு மரம். கொப்புகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன. நான் வெட்டிய கொப்பைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனால், உச்சியில் காய்ந்த போஞ்சிக்காய் போல நெற்றுகள் தொங்கின. மல்பெரி எங்கே போஞ்சி காய்க்கும்? மதிலில் ஏறி ஒரு நெற்றைப் பறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டொக்டர் நெற்றைப் பார்த்ததும் எங்கோ போன் எடுத்தார். நச்சு மரம்தான். ஆனால் குடித்தது கொஞ்சம்தான், அதிலும் பெரும்பகுதி வெளியே வந்துவிட்டது, இதயத்தைக் கவனிக்கவேண்டும் என்றார். நீ எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாய், என் முகத்தைப் பார்க்காமல். பின்னேரம் வரை நான் கட்டிலருகே இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் ஓடிய பச்சைக் கோட்டையே பார்த்திருந்தேன். அது கொஞ்சம் தாழ்ந்தாலும் நர்ஸைக் கூப்பிட்டேன். உங்களுக்கு அம்மாவை இல்லாமல் ஆக்கிவிட்டேனோ என்பதைத் தவிர வேறொன்றும் என் தலைக்குள் இல்லை.

நாலு மணி போல அம்மா கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"கடை இன்னும் பூட்டுத்தானே?"

"ஓம்" என்றேன்.

வைகாசியில் ஒருநாள் நீங்கள் இரண்டு பேரும் நானும் அந்த ஒழுங்கையால் வந்தோம். அந்த நச்சு மரம் முழுக்க மஞ்சள் பூ, சரம் சரமாக. தம்பி பறிக்க எட்டினான். நான் இரண்டு பேரின் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். "நோகுது அப்பா, என்ன நடந்தது?" என்று அவன் அழுதான். அன்றைக்கு நான் சொல்லாத பதில்தான் இது, தம்பி. நீயும் சொல்லவில்லை, மகளே.