என் வீட்டு விஞ்ஞானியும் இக்னிஷன் சாஃப்ட்வேரும்

போன ஞாயிறு காலை எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் குண்டு வெடித்த மாதிரி ஒரு சத்தம்.

(ராணுவ லேப்கள் நிறைந்த காஞ்சன்பாக்கில் இப்படிச் சத்தம் கேட்டால் பட்டாசு என்று நினைத்து யாரும் டீயைத் தொடர்ந்து குடிக்க மாட்டார்கள்.)

வெடித்தது எங்கள் பைக்கின் சைலன்சர். உதைத்தவர் என் வீட்டுக்காரர்.

அவர் இங்கே டிஃபென்ஸ் லேபில் விஞ்ஞானி. என்ன வேலை என்று கேட்டால் இருபது வருடமாக "அதெல்லாம் சொல்லக்கூடாது" என்பார். ஏதோ ஒன்று மேலே போகிறது என்பது வரை எனக்குத் தெரியும்.

ஆனால் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கை அவரால் கேட் வரைக்கும் கொண்டுபோக முடியவில்லை.

நான் அமீர்பேட்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிக்கும் தொழில். (கல்யாணம் ஆன யாரும் கோர்ஸ் இல்லாமலே பாஸ் ஆகலாம்.)

விஷயம் இதுதான். பைக்கில் ஸ்பார்க் எந்த நொடியில் வரவேண்டும் என்று முடிவுசெய்ய ஒரு சின்னப் பெட்டியை ஆன்லைனில் வாங்கினார். அந்தப் பெட்டிக்கு லேப்டாப்பிலிருந்து சாஃப்ட்வேர் வழியாக உத்தரவு போடவேண்டும்.

முதல் ஞாயிறு முழுக்க லேப்டாப் பெட்டியைக் கண்டுகொள்ளவே இல்லை. டிரைவர் சாஃப்ட்வேரை நான்கு தடவை அழித்து, நான்கு தடவை போட்டார். விண்டோஸைத் திட்டினார். கடைசியில் எங்கள் மகள் நிலா வந்து பார்த்துவிட்டு, அது சார்ஜ் மட்டும் ஏறுகிற கேபிள், டேட்டா போகாது என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறு கனெக்ட் ஆனது. அதற்கடுத்ததுதான் இந்த வெடி ஞாயிறு.

முதல் உதையில் கிக்கர் திருப்பி உதைத்தது. கணுக்கால் பிசகிவிட்டது. வீராப்பில் இன்னொரு உதை. அதுதான் அந்த வெடி.

ஐந்தே நிமிடத்தில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் நோட்டுப் புத்தகத்தோடு வந்துவிட்டார். பெயர், குவார்ட்டர்ஸ் நம்பர் எல்லாம் எழுதிக்கொண்டார்.

"சாப், ஔர் ஏக் பார் ஆவாஸ் ஆயா தோ காடி பாஹர்."

இன்னொரு சத்தம் வந்தால் வண்டி காலனிக்கு வெளியே. பால்கனிகளில் அவருடைய ஆபீஸ்காரர்கள் பாதிப் பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் உள்ளே வந்து காலை ஸ்டூலில் போட்டு ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"வித்துடலாம் சுதா. எனக்கு வரல."

சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். இப்படிச் சொன்னதும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. மூன்று வாரமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மனிதர் மறுநாளுக்காக எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்று எனக்குத்தான் தெரியும்.

மேனுவல் எங்கே என்று கேட்டேன். அவர் படிக்கவில்லையாம். பார்த்தாலே புரிகிறதாம்.

நான் படித்தேன். ஒன்பதே பக்கம்.

நான்காம் பக்கத்தில் சாஃப்ட்வேரின் ஒரு கட்டத்தைப் பற்றி இருந்தது. இன்ஜினின் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்னால் சென்சார் இருக்கிறது என்று அளந்து போடவேண்டும். இவர் ஸ்பார்க் எப்போது வரவேண்டும் என்று ஆசைப்பட்டாரோ, அந்த 18-ஐப் போட்டு வைத்திருந்தார்.

"இது நீங்க ஆசைப்படறத கேக்கல. சென்சார் எங்க இருக்குன்னு கேக்குது. அளந்தீங்களா?"

ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

இருவரும் வாசலுக்குப் போனோம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி காகிதத்தில் அச்சடித்த டிகிரி வட்டத்தை ஒட்டி அளந்தார். ஒன்று சொல்லவேண்டும், அளக்கிறதில் மனிதர் புலி. 38 என்று வந்தது. அதாவது ஸ்பார்க் இருபது டிகிரி முன்னாலேயே வந்து அவர் காலைப் பதம் பார்த்திருக்கிறது.

38 என்று மாற்றினேன். உடனே கிக்கரில் கால் வைக்கப் போனார்.

"இருங்க."

தொழில் புத்தி. பெட்டிக்குள் நிஜமாக என்ன இருக்கிறது என்று திரும்பப் படித்துப் பார்த்தேன். இன்னும் 18. ஸ்கிரீனில் மாற்றினால் போதாது, 'ரைட்', அதாவது 'எழுது' பட்டனை அமுக்கினால்தான் பெட்டிக்குள் போகும். அப்படியே உதைத்திருந்தால் வண்டியும் காலனிக்கு வெளியே, இன்னொரு காலும் ஸ்டூலில்.

அமுக்கினேன். மறுபடி படித்தேன். 38.

அவருக்கு ஒரு கால்தான் ஆகையால் நான் உதைத்தேன்.

சூப்பர்வைசர் தூரத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது உதையில் பிடித்துக்கொண்டது. வெடி இல்லை, இருமல் இல்லை. புகை மட்டும் தாராளமாக.

அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. அவர்கள் லேபில் ஏதாவது மேலே போகும்போதுகூட இப்படிச் சிரித்திருப்பாரா என்று தெரியவில்லை. (சொல்லவும் மாட்டார்.)

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் நல்லவள்.

திங்கட்கிழமை அவருடைய ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் பைக் வீடியோ போட்டிருந்தார். கீழே ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. சிக்கலான டைமிங் பிரச்சினையை ஆராய்ந்து தீர்த்துவிட்டாராம். மனைவி லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு உதவினாராம்.

லேப்டாப்பை. பிடித்துக்கொண்டு.

அந்த சாஃப்ட்வேரில் இன்னொரு கட்டம் இருக்கிறது. இன்ஜின் எவ்வளவு வேகத்துக்கு மேல் சுற்றக்கூடாது என்று எல்லை வைக்கலாம். மேனுவலில் ஏழாம் பக்கம். அதற்கு பாஸ்வேர்டும் போடலாம். எட்டாம் பக்கம்.

அன்று சாயங்காலமே இரண்டையும் போட்டேன். 'ரைட்' அமுக்கினேன். திரும்பப் படித்தும் பார்த்தேன்.

இப்போது வண்டி நாற்பதைத் தாண்டுவதில்லை. மூன்று நாளாக கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருக்கிறார்.

அவர் ஃபேஸ்புக்கில் இல்லை. அந்தப் பதிவைத் திருத்துகிற வரைக்கும் யாரும் மூச்சு விடாதீர்கள், உங்களுக்குக் கோடி நன்றி.