வண்டியை ஓட்டியவன் நான்

அன்று வண்டியை ஓட்டியது நான்தான்.

பின்னால் உட்கார்ந்திருந்தவன் இசக்கிமுத்து. காவல் நிலையத்திலும், நீதிமன்றத்திலும், காப்பீட்டு நிறுவனத்திலும் உள்ள விவரம் இதற்கு நேர்மாறானது. அங்கெல்லாம் அவன் ஓட்டுகிறான். நான் பின்னால் அமர்ந்து வருகிறேன். இரண்டு ஆண்டுகளாக நான் அந்தப் பின்னிருக்கையிலிருந்து இறங்கவில்லை.

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. மன்னிக்க வேண்டிய ஆள் நீங்கள் அல்ல. நடந்ததில் ஒரு பாதி இசக்கிக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாத மறுபாதியை முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். இதுவும் கோழைத்தனம்தானோ... இருக்கலாம்.

எனக்கு வயது அறுபத்தொன்பது. ஒரகடத்தில் பிரேக் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர்ஸ் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணுவது என் தொழில்; பிறகு அதுவே என் நோய். வாசலில் நின்றால் போகிற கம்பெனி பேருந்துகளை எண்ணுவேன். மாத்திரை அட்டையில் மிச்சத்தை எண்ணிவிட்டுத்தான் படுப்பேன். என்ன கெட்டது வரும் என்பதையும் எண்ணிக்கொண்டே இருப்பேன். இப்படிப்பட்டவன் ஒரு விதியைத் தெரியாமல் மீறினான் என்றால் நீங்கள் நம்புவீர்களா? நம்பாதீர்கள்.

மகன் வெளிநாடு போனபோது இரண்டு வண்டிகளை என் பெயருக்கு மாற்றிவிட்டுப் போனான். ஒன்று மருமகளின் ஸ்கூட்டர், மற்றொன்று அவனுடைய இருநூறு சி.சி. மோட்டார் சைக்கிள். மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூருக்குப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போக வேண்டும். ஷேர் ஆட்டோக்காரர்கள் ஷிப்டுக்கு ஓடுகிற பையன்களைத்தான் ஏற்றினார்கள். ஊன்றுகோலோடு நிற்கிற கிழவியைக் கண்டால் வேகம் கூட்டினார்கள். அதனால்தான் அந்த வயதில் எல்.எல்.ஆர். எடுத்தேன்.

எல்.எல்.ஆர். என்றால் பழகுநர் உரிமம். எனக்குக் கொடுத்தது கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். பின்னால் முழு உரிமம் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு நிபந்தனைகளையும் பலமுறை படித்திருந்தேன்.

பின்னால் உட்கார எனக்குக் கிடைத்தவன் இசக்கிமுத்து. எங்கள் மாடி அறையில் குடியிருந்த பையன், திருநெல்வேலிப் பக்கம். ஒரகடத்தில் லாரி பாகங்கள் செய்யும் ஆலையில் டிரெய்னி. இன்னும் சில மாதங்களில் நிரந்தரம் ஆக வேண்டியவன். அவனுடைய லைனில் நிரந்தரத்துக்கான பட்டியலில் அவன்தான் முதலாவதாக இருந்தான். ஞாயிறு காலைகளில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, தோளைத் தொடாமல், பொறுமையாக வருவான்.

அந்த ஞாயிறன்று ஸ்கூட்டர் கிளம்பவில்லை. மோட்டார் சைக்கிள் சும்மா நின்றிருந்தது. இன்று இதில் போகலாம் என்றேன்.

“அய்யா, இது கியர் வண்டில்லா. உங்க எல்.எல்.ஆர். இதுக்குச் செல்லாது.”

எனக்குத் தெரியாதா! தெரியும். ஆனாலும் ஒரு சின்னப் பையன் எனக்கு விதியை எடுத்துச் சொல்வது பிடிக்கவில்லை. தெருமுனை வரைக்கும்தான் என்றேன். அவன் தயங்கி ஏறினான். தெருமுனையில் நான் நிறுத்தவில்லை. அணுகுசாலைக்கு ஏறிவிட்டேன்.

கன்னியம்மா என்ற பெண் முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தார். பக்கத்து ஊர்க்காரர். மின்னணு ஆலை ஒன்றில் துப்புரவுப் பணி. வேனைப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார். தூரத்திலேயே அவரைப் பார்த்துவிட்டேன். போதிய தூரம் இருந்தது. இடது கைப் பிடியை இறுக்கினேன்.

ஸ்கூட்டரில் இடது கையில் இருப்பது பிரேக். கியர் வண்டியில் அது கிளட்ச். அதை எவ்வளவு இறுக்கினாலும் வண்டி நிற்காது, இன்னும் லேசாக உருளும். இரண்டு மாதம் ஸ்கூட்டரில் பழகிய கை எனக்குப் பிரேக் பிடித்துக் கொடுத்தது... பிரேக் இல்லாத இடத்தில்! பிரேக் பாகங்களை முப்பது ஆண்டுகள் எண்ணியவன் நான்.

கன்னியம்மாவுக்கு இடுப்பெலும்பும் தொடையெலும்பும் முறிந்தன. பின்னாலிருந்து மோதியதால் அவர் எங்களைப் பார்க்கவில்லை. நாங்களும் விழுந்தோம். ஓடி வந்தவர்கள் கண்டது தரையில் கிடந்த மூன்று பேரை. யார் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று எவரும் கேட்கவில்லை.

மருத்துவமனை வாசலுக்கு எங்கள் காப்பீட்டு ஏஜென்ட் வேலு வந்தார். சுங்குவார்சத்திரத்துக்காரர். என் எல்.எல்.ஆரைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார்.

“இன்னா சார் நீங்க. இது கியர் இல்லாத வண்டிக்கு. நீங்க ஓட்டிக்கினு வந்தது எரநூறு சிசி. கம்பெனிக்காரன் பாத்தான்னா அந்தம்மாவுக்குக் குடுக்க வேண்டியத குடுத்துட்டு, அப்புறம் மொத்தத்தையும் உங்க தலைல கட்டுவான். வூட்டு வாசல்ல வந்து நிப்பான்.”

பிறகு இசக்கியின் பக்கம் திரும்பினார்.

“தம்பிக்கு லைசன்ஸ் கீது இல்ல? ஓட்டினது தம்பின்னு சொல்லிக்கினா மேட்டர் முடிஞ்சிது. இங்க எல்லாரும் செய்யறதுதான்.”

உண்மைதான். இந்தப் பக்கம் விபத்து நடந்தால் ஆம்புலன்ஸுக்கு அடுத்தபடி தேடுவது உரிமம் உள்ள ஓர் ஆளைத்தான். மாமாவுக்காக மருமகன், முதலாளிக்காக டிரைவர். ஆள் மாற்றுவது என்று அதற்குப் பெயரே இருக்கிறது. யாரும் அதைக் குற்றமாக நினைப்பதில்லை.

இசக்கி உள்ளங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். பிறகு என்னிடம் கேட்டான்.

“நீங்க கம்பெனியில இருந்தவங்க. இதனால எனக்கு அங்க ஏதும் வில்லங்கம் வருமா அய்யா?”

இனி நான் சொல்லப்போவதுதான் அந்த மறுபாதி.

என் கடைசி மூன்று ஆண்டுகளில் ஸ்டோர்ஸோடு சேர்த்து இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார்கள். டிரெய்னிகளை நிரந்தரமாக்கும்முன் அவர்களுடைய சான்றுகளைச் சரிபார்ப்பது. காவல் துறைச் சரிபார்ப்பில் வழக்கு என்று ஒரு வரி வந்தால் போதும்; என்ன வழக்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். வெளியே நூறு பேர் காத்திருக்கும்போது எதற்குக் கேட்க வேண்டும்? அப்படி ஐந்து பையன்களை நானே கேட் வரை கூட்டிப் போய் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறேன். ஒருவன் மேல் இருந்தது இதே போன்ற வண்டி வழக்கு.

வரும் என்று எனக்குத் தெரியும். உங்களைவிட, வேலுவைவிட, அந்த மருத்துவமனையில் இருந்த எவரையும்விட நன்றாகத் தெரியும்!

“ஒண்ணும் வராது தம்பி” என்றேன்.

யோசித்துச் சொன்னேனா, பயத்தில் வாய் உளறியதா என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். உளறல் இல்லை. அந்த ஐந்து பேரின் முகங்களும் வரிசையாக வந்து போன பிறகுதான் சொன்னேன்.

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து விசாரணைக்கு வந்தவர் அமைதியான மனிதர். எங்கள் கூடத்தில் உட்கார்ந்து என் மனைவி கொடுத்த மோரைக் குடித்தார். இசக்கியின் உரிமத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐந்து வருடமாக ஓட்டுகிறவர், நேரான சாலை, நல்ல வெளிச்சம். ஏன் பிரேக் பிடிக்கவில்லை என்று கேட்டார்.

அதற்கு இசக்கி எதைச் சொல்வான்? பிடிக்காதது அவன் கை இல்லையே. “கவனிக்கல சார், அய்யாகிட்ட பேசிக்கிட்டே வந்துட்டேன்” என்றான்.

பொய்யை நிற்க வைக்க அவன் தன்னை ஒரு பொறுப்பற்றவனாக ஆக்கிக்கொண்டான். அவர் என்னைப் பார்த்தார். நீங்கள் பின்னால்தானே இருந்தீர்கள் என்றார். ஆமாம் என்றேன். என் எல்.எல்.ஆர். அலமாரியில் இருந்தது. அவர் கேட்கவில்லை, நான் காட்டவில்லை. பின்னால் உட்காருகிறவனுக்கு எதற்கு உரிமம்?

நீதிமன்றத்தில் இசக்கி குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். அன்று ஒரு ஷிப்டு போய்விட்டதே என்றுதான் வருத்தப்பட்டான். கன்னியம்மாவின் வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது. இப்போது அவர் காலை இழுத்து இழுத்து நடக்கிறார், வேலைக்குப் போவதில்லை.

சில மாதங்களில் ஆலையில் சரிபார்ப்பு வந்தது. அவன் லைனில் நால்வருக்கு நிரந்தரம் கிடைத்தது. அவனுக்கு இல்லை. அன்று மாலை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும், நான் ஓட்டியது உட்பட. அவளுக்குத் தெரியாதது ஒன்றுதான்: வழக்கு வந்தால் அவன் வேலை போகும் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

“அந்தப் புள்ள கெட்டதே நம்மளாலதாங்க. போய் உண்மைய சொல்லிடுங்களேன்” என்றாள்.

சொன்னால் கன்னியம்மாவுக்குக் கிடைத்தது பறிபோகும் என்றேன். நம்பிவிட்டாள். அதுவும் பொய்தான்! அவருக்குக் கொடுப்பதைக் கொடுத்துவிட்டு என்னைத்தான் பிடிப்பார்கள் என்று வேலு முதல் நாளே சொல்லியிருந்தாரே. ஒரு ஏழைப் பெண்ணின் முறிந்த எலும்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். இதை எழுதும்போதுகூட, நீங்கள் அந்த இடத்தைக் கவனிக்காமல் கடந்துவிட மாட்டீர்களா என்று ஒரு நப்பாசை...

இசக்கி ஊருக்குத் திரும்பவில்லை. ஊரில் தங்கை கல்யாணத்துக்கு நிற்கிறாள். நிரந்தரம் ஆகிவிட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டானாம். எங்கள் மாடியைக் காலி செய்துகொண்டு, சுங்குவார்சத்திரத்தில் எட்டுப் பேர் படுக்கிற அறைக்குப் போனான். ஒப்பந்தக்காரரின் ஆளாக, வேலை இருக்கும் நாளில் மட்டும் போகிறான். அதே ஒரகடம்தான், அதே கேட்தான். ஆனால் கம்பெனி பேருந்தில் அவனுக்கு இடமில்லை.

போன மாதம் போன் செய்தான். புதிய ஆலை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள். பணியாளர் பிரிவு அதிகாரி நல்லவராம். வழக்கைப் பற்றிக் கேட்டாராம். கூட இருந்தவர் யாராவது நேரில் வந்து சொன்னால் யோசிக்கலாம் என்றாராம்.

“நீங்கதான அய்யா பின்னால இருந்தீங்க. நான் நிதானமா ஓட்டுதவன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

அவன் கிண்டல் செய்யவில்லை. அதை அத்தனை இடங்களில் சொல்லிச் சொல்லி அவனுக்கே அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிட்டதோ என்னவோ.

போனேன். குளிரூட்டிய சிறிய அறைக்குள் இசக்கியும் என்னோடு வந்தான். அதிகாரி எழுந்து நின்று நாற்காலி காட்டினார். பையன் தங்கமானவன், மிக நிதானமாக ஓட்டுவான் என்று சொன்னேன். இரண்டு ஆண்டுகளில் அவனைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அது.

“அவ்ளோ நிதானமா ஓட்டறவரு எப்படி சார் நடந்து போற லேடி மேல பின்னாலருந்து இடிச்சாரு?”

அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் முடித்திருக்கலாம். ஒரே வரி போதும். இந்தக் கட்டுரையின் முதல் வரி. எனக்கு என்ன ஆகும் என்று எண்ணத் தொடங்கினேன். பொய் வாக்குமூலம், வீடு, மகன், அக்கம்பக்கம்... எண்ணி முடிப்பதற்குள் வாய் திறந்துவிட்டது.

“அன்னிக்கு அவன் கவனிக்கல சார்.”

இசக்கி தரையைப் பார்த்தான். தகவல் சொல்கிறோம் என்று அதிகாரி எழுந்துகொண்டார்.

வெளியே சாலையோரக் கடையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். சர்க்கரை வேண்டாம் என்று அவனே சொல்லி வாங்கினான். இரண்டாவது ஷிப்டு பேருந்துகள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தபடியே கேட்டான்.

“இந்த போலீஸ் வெரிஃபிகேஷன்லாம் உங்க கம்பெனியில அப்பமே உண்டுமா அய்யா?”

“எங்க காலத்துல அதெல்லாம் ஏது தம்பி.”

அவன் தலையசைத்தான்.

“அதான பாத்தேன். தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பீங்கல்லா.”

ஆமாம் என்றேன். டீ இன்னும் சூடாகத்தான் இருந்தது. குடித்து முடித்தேன். என் பேருந்து வந்ததும் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான்.

அந்த ஆலையிலிருந்து அவனுக்கு இன்னும் அழைப்பு வரவில்லை.