ஆறு தீக்குச்சி நீளத்தில் ஒரு பஸ்

காதில் செருகியிருந்த தீக்குச்சியை எடுத்து, தான் செய்துகொண்டிருக்கும் அட்டைச் சலூனின் வாசலில் நிறுத்திப் பார்க்கிறார் தனுஷ்கோடி. மருந்து முனை மேல்சட்டத்தில் இடிக்கிறது. "சேவு பண்ண வாரவன் தலைய ஒடைச்சிட்டுல்லா போவான்" என்று முனகிவிட்டு, ஒட்டிய அட்டையைப் பிய்த்தெடுத்து மறுபடி வெட்டுகிறார்.

அவர் கணக்கில் ஓர் ஆள் என்பது ஒரு தீக்குச்சி. கதவு ஒன்றேகால் குச்சி, நாற்காலி கால் குச்சி. காதில் குச்சியைப் பார்க்கிறவர்கள் பீடி கேட்பார்கள். அவர் புகைப்பதில்லை. ராஜபாளையத்தில் நூல் மில் ஒன்றில் ஃபிட்டர். கழிவுப் பஞ்சில் சாயம் ஏற்றினால் வேப்பமரம். பேண்டேஜ் துணி வேட்டியாகும். கழுவிய எக்ஸ்ரே படம் கண்ணாடிக்கு ஆகும். ரேஷன் கடை வரிசை, ஷிப்ட் முடிந்து சைக்கிள்கள் முட்டிக்கொள்ளும் மில் கேட், தெருக்குழாய்ச் சண்டை எல்லாம் அவர் வீட்டு அலமாரியில் ஒரு சாண் உயரத்தில் நடந்துகொண்டிருக்கின்றன. விற்பதில்லை. கேட்டால், "இது எதுக்குன்னு எனக்கே தெரியாது. கை சும்மா இருக்க மாட்டேங்கு" என்பார்.

எதற்கென்று தெரிந்தே அவர் செய்தது ஒன்றுதான். எண்பத்தேழில் செய்த பஸ்.

அந்த வருஷம் அவர் மனைவி செல்லக்கனி தலைப்பிரசவத்துக்கு மம்சாபுரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். ஒரு சாயங்காலம் வலி எடுக்க, மதினியோடு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள். பாதி வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டது. தனுஷ்கோடி அந்நேரம் மில்லில் ஒரு மிஷினுக்கு அடியில் படுத்து நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். செய்தி வந்து போய்ச் சேர்ந்தபோது தாயும் மகளும் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளையை ஏந்தி எடுத்தவள் யாரோ ஒரு பெண். ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றதும் இறங்கிப் போய்விட்டாளாம்.

யார் அவள்? ஒருவருக்கும் தெரியவில்லை. பிரசவத்தைப் பார்க்கக் கூடாதென்று ஆண்கள் அத்தனை பேரும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். லீவில் வந்திருந்த பட்டாளத்துக்காரர் உக்கிரபாண்டி தன் கம்பளியை விரித்து மறைப்புப் பிடித்தார், அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு. கண்டக்டர் ஐயாதுரை டிரைவர் பக்கம் ஓடி, ரோட்டையே பார்த்து நின்றார். பஸ்ஸில் வேறு பெண்கள் இல்லை; கூடப் போன மதினியும் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு வார்த்தை நன்றி சொல்லாமல் பிள்ளையை வளர்ப்பது தனுஷ்கோடிக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. மம்சாபுரத்தில் தெருத்தெருவாக விசாரித்தார். பலனில்லை. பிறகுதான் பஸ்ஸைச் செய்ய ஆரம்பித்தார். அதைக் காட்டிக் கேட்டால் யாருக்காவது ஞாபகம் வராதா?

"சீட்டு பச்சையா, நீலமா?" என்று மனைவியைக் கேட்டார்.

"நான் உசிரு போற மாதிரி கத்திக்கிட்டு கெடந்தேன். சீட்டு கலரா பாத்தேன்? ஒங்களுக்குக் கிறுக்குத்தான்."

மில்லில் ஆவுடையப்பன் விடமாட்டார். "ஏலே, ஒம் பஸ்ஸு எப்பம்லே கெளம்பும்?"

"டிரைவருக்கு இன்னும் மூக்கு வைக்கலண்ணே."

ஆறு குச்சி நீளம். ரப்பர் செருப்பை வட்டமாக அறுத்துச் சக்கரம். பேனா ரீபிலில் கைப்பிடிக் கம்பி. கூரையைக் கழற்றினால் உள்ளே எல்லோரும் தெரிவார்கள். முன் சீட்டில், ஜன்னலோரம், அந்தப் பெண். அவளுக்கு மட்டும் ஒரு வாரம் பிடித்தது. செல்லக்கனியின் கல்யாணப் பட்டு ரவிக்கையில் மிஞ்சிய அரக்குத் துணியில் சேலை, ஜரிகை இழையில் வளையல்.

வார லீவு தோறும் அட்டைப்பெட்டியில் பஸ்ஸை வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் உட்கார்ந்தார். மம்சாபுரம் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் கூரையைத் திறந்து காட்டுவார். ஒவ்வொருவராகத் தங்கள் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். வெற்றிலைக் கூடைக்காரர் மூன்று சீட்டு பின்னால் போனார். உக்கிரபாண்டி தன் மீசையைப் பெரிதாக்கச் சொன்னார். ஒவ்வொருவர் கையையும் பிடித்து, "நீங்க செஞ்ச உபகாரம்" என்றார் தனுஷ்கோடி. ஆனால் அந்தப் பட்டுச் சேலைக்காரியை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. "இப்பிடி ஒரு அம்மா எம் பஸ்ஸுல ஏறுனதே இல்லய்யா" என்று ஐயாதுரை சத்தியமே செய்தார்.

பிள்ளை எட்டு எடுத்து வைத்துவிட்டது. அப்போதும் பெட்டியோடு போய்க்கொண்டிருந்தார்.

நடவு சமயம். ஒரு சாயங்காலம் மம்சாபுரம் பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்களில் ஒருத்தி, வத்திராயிருப்பு பஸ்ஸுக்கு ஓடுகிற வழியில் பெட்டியைப் பார்த்து நின்றாள். காலில் முழங்கால்வரை சேறு காய்ந்திருந்தது.

"ஏ, இது பட்டாளத்துக்காரருல்லா! இது கண்டக்டரு. பொம்மய்யா செஞ்சிருக்கீக?" என்று சிரித்தாள். பிறகு ஜன்னலோரத்தைப் பார்த்தாள். "இந்த மவராசி யாரு? இவ அன்னைக்கு வரலையே."

தனுஷ்கோடி எழுந்து நின்றார். "அன்னைக்குன்னா?"

"புள்ள பெறந்தன்னைக்கு."

அவள் பெயர் மாடத்தி. வத்திராயிருப்புக்காரி. நாற்று நட வந்தவள், கூட வந்தவர்களைத் தவறவிட்டுத் தனியாக அந்த பஸ்ஸில் ஏறியிருக்கிறாள்.

"நீங்க எந்த சீட்டும்மா?" என்று பக்கத்தில் வந்து நின்ற ஐயாதுரை கேட்டார்.

"சீட்டா? சேத்துக்காலோட உக்காந்தா நீங்க வைய மாட்டீகளா? படியில இருந்தேன்."

"நான் எப்பம்மா வஞ்சேன்?"

"அன்னைக்கு ஒருநாத்தான் வையல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தனுஷ்கோடி சிரிக்கவில்லை. அந்த அரக்குப் பட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பெற்றவளும் சாகும்வரை களை எடுத்தவள்தான். உதவி செய்தவள் பட்டுக் கட்டி, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள் என்று தன் கைக்கு எது சொல்லிக்கொடுத்தது? பெரிதாக மரியாதை செய்வதாக நினைத்து, ஒரு வருஷமாக ஊருக்கெல்லாம் வேறு யாரையோ காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஏன்க்கா சொல்லாமப் போயிட்டீக?" என்று மட்டும் கேட்டார்.

"எங்க பஸ்ஸு போயிட்டா பொறவு ரெண்டு மணி நேரம் நிக்கணும். கையக் கழுவிட்டு ஓடிட்டேன்." பிறகு அவரை உற்றுப் பார்த்தாள். "புள்ளைக்கு அப்பனா? எப்பிடி இருக்கா?"

"நடக்கா."

"நல்லா இருக்கட்டும்."

அவர் பட்டுக்காரியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காதிலிருந்த வெறும் குச்சியை எடுத்துப் படியில் நிறுத்தினார். "துணி பொறவு கட்டுதேன். இடம் சரியா?"

"என் இடம் கெடக்கட்டும்" என்றாள் மாடத்தி, உள்ளே குனிந்து. நடைவழியில் படுத்திருந்த தீக்குச்சிச் செல்லக்கனியைக் காட்டினாள். "இவள மாத்திப் படுக்கப் போட்டிருக்கீக. தல டிரைவரு பக்கம்லா இருந்துச்சு."

வத்திராயிருப்பு பஸ் ஹாரன் அடித்தது. ஐயாதுரை அந்த டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டி நிறுத்தினார். மாடத்தி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். தீக்குச்சியின் கழுத்துக்கு அடியில் ஒரு விரலைக் கொடுத்து, தலை தொங்கிவிடாமல் மெல்லத் தூக்கித் திருப்பி, சரியாகப் படுக்க வைத்தாள்.