மௌன கிரிவலத்தில் அண்ணாமலையார் காட்டிய நேரம்

என் கணவருக்குப் பேச்சு நின்றுபோனதை நான் விரதம் என்றே நினைத்துவிட்டேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அடியார்கள் முன் சொல்லியாக வேண்டும்.

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளுக்கு வேலை கிடைத்ததற்காக அவர் மௌன கிரிவலம் நேர்ந்திருந்தார். விடியற்காலை நான்கு மணிக்கு ராஜகோபுரத்தில் கற்பூரம் ஏற்றி வாயை மூடினார். விரதம் என்று மூன்று நாளாகப் பிரஷர் மாத்திரையையும் விட்டிருந்தார். நான் துணைக்குப் போனேன். ஓயாத வாய் கொஞ்ச நேரம் ஓயட்டும் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

குபேர லிங்கத்தில் அவர் வலது கையில் வாங்கிய விபூதி கொட்டிப்போனது. கவனமில்லையா என்று கடிந்துகொண்டேன். பதிலுக்குச் சைகைகூட இல்லை. வலது காலை இழுத்தார், கல் குத்தியிருக்கும் என்று நினைத்தேன். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"விரதம் போனா போவட்டும், என் பேரச் சொல்லுங்க" என்று கெஞ்சினேன். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார் டாக்டர். கரைக்க ஊசி இருக்கிறதாம். ஆனால் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், தாண்டினால் ஊசியே ஆபத்தாகலாம்.

"கடைசியா எப்ப நல்லா இருந்தாரு? சரியா சொல்லுங்கம்மா."

நான்கு மணிக்குப் பிறகு அவர் பேசவே இல்லை. நான் எதை வைத்துச் சொல்வேன்? சுவரில் மணி எட்டு இருபத்தைந்து. நான்கிலிருந்து கணக்கிட்டால் மிச்சம் ஐந்தே நிமிடம். அண்ணாமலையாரே, உனக்காகத்தானே வாயை மூடினார், நீயே ஒரு வழி காட்டு என்று அழுதேன்.

மகளுக்குச் சொல்லப் பையிலிருந்து போனை எடுத்தேன். நான் பார்க்காத ஒரு வாட்ஸ்அப் செய்தி இருந்தது. எனக்குப் பின்னால் நடந்து வந்த என் கணவர் எனக்கே அனுப்பியது: "கால் வலிச்சா நில்லு, உக்காந்துட்டுப் போலாம்." ஒரு பிழை இல்லை. நேரம் ஆறு நாற்பத்திரண்டு.

டாக்டர் வாங்கிப் பார்த்தார். அவரே டைப் பண்ணியதா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "அப்ப வரைக்கும் நல்லா இருந்திருக்காரு. டைம் இருக்கும்மா, போட்டுடலாம்" என்றார்.

மாலையில் விரல் அசைந்தது. மூன்றாம் நாள் என் பெயர் குழறலாக வந்தது. இன்று தடி ஊன்றி நடக்கிறார். எந்த விரதமானாலும் மாத்திரை தவறுவதில்லை.

அண்ணாமலையாரிடம் கேளுங்கள், அவர் கைவிட மாட்டார். ஆனால் வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் மணியைப் பார்த்துக்கொண்டு ஓடுங்கள். கிரிவலப் பாதையில் மௌனமாகப் போகிறவர்களை இப்போது நான் நிறுத்தி, இரண்டு கையையும் தூக்கச் சொல்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். முறைக்க முடிகிறதே என்று ஈசனுக்கு நன்றி சொல்லி வழிவிடுகிறேன்.