கஞ்சி போடாத புடவை

திருத்தணியில் சொந்த வீடு இருப்பவர்களுக்கு உறவுக்காரர்கள் குறைவதே இல்லை. கிருத்திகைக்குக் கிருத்திகை யாராவது பையும் கையுமாக வந்து நிற்பார்கள். மலைக்குப் போய்வந்து, சாப்பிட்டு, காலை நீட்டிப் படுத்து, சாயங்கால ரயிலுக்குக் கிளம்பும்போது, உனக்கென்ன குறை, தினமும் முருகனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நான் மலையேறி எத்தனை காலமாகிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. வாசலில் நின்றபடியே ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவேன். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு அதற்குமேல் எங்கே போவது?

அம்மாவுக்குக் கண்ணும் மங்கல், நினைவும் மங்கல். பொதட்டூர்பேட்டையில் வீட்டுத் தறியில் லுங்கி நெய்து என்னையும் தங்கையையும் ஆளாக்கியவள். இப்போது கட்டிலில் படுத்துக்கொண்டு, நைனா வந்தாரா என்று கேட்பாள். நைனா என்றால் அவளுடைய அப்பா. நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர். ஆரம்பத்தில் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும் ஒவ்வொரு தடவையும் அன்றைக்குத்தான் சாவுச் செய்தி வந்ததுபோல் அழுதாள். அப்புறம் எனக்கே தெம்பு போய்விட்டது. வந்துகினு இருக்காரும்மா என்று சொல்லப் பழகிக்கொண்டேன். கேட்டுவிட்டு நிம்மதியாகக் கஞ்சி குடிப்பாள்.

நைனாவை மறக்காதவள் என்னை மறந்துவிட்டாள். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று அவளோடேயே இருந்தவள் நான். என்னைப் பார்த்துத்தான், யாரும்மா நீ, எந்த ஊடு என்று கேட்டாள். ஸ்பூனை வாயருகே கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மாத்திரையைத் துப்புவாள். அந்நிய மனுஷி கையால் வாங்கிச் சாப்பிடுகிறவள் இல்லை அவள், அந்த வீம்பு மட்டும் மறக்கவில்லை. உடம்பு குச்சியாகிக்கொண்டே வந்தது. இப்படியே போனால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதிலிருந்து எங்களைக் காப்பாற்றியது ஒரு புடவை. கேட்டால் சிரிப்பீர்கள்.

என் பிழைப்பே புடவைதான். வீட்டிலேயே மெஷின் போட்டு ஃபால்ஸ் தைத்து, ஓரம் அடித்து, குஞ்சம் கட்டிக் கொடுக்கிறேன். அப்படித் தைக்கக் கொடுக்க வரும் டீச்சர் ஒருவர் மதுரைப் பக்கம் கல்யாணத்துக்குப் போனபோது எனக்கு ஒரு சுங்குடி வாங்கிவந்தார். கத்திரிப்பூ நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. கடையில் சுங்குடி என்று கேட்டால் பாதிப் பேர் அச்சுப் போட்டதைத்தான் எடுத்துப் போடுவார்கள். அதுவும் புள்ளிதான், ஆனால் தடவினால் மொழுக்கென்று இருக்கும். இது கட்டிச் சாயம் போட்டது. துணியைப் புள்ளி புள்ளியாக நகத்தால் கிள்ளி, நூலை இறுக்கிச் சுற்றி, அப்படியே சாயத்தில் முக்குவார்கள். நூல் இருந்த இடத்தில் சாயம் ஏறாது. பிரித்தால் வெள்ளையாக நிற்கும். கட்டின தடமும் லேசில் போகாது, ஒவ்வொரு புள்ளியும் வேர்க்குரு மாதிரி கொஞ்சம் மேலே எழும்பி இருக்கும்.

வடக்கே இதையே பாந்தனி என்கிறார்கள். மகனைப் பார்க்கக் குஜராத் போய்வந்த ஒரு அம்மா ஃபால்ஸ் வைக்கக் கொண்டுவந்தார். சுற்றின நூலைப் பிரிக்காமலேயே விற்பார்களாம், கையால் கட்டியதுதான் என்பதற்கு அந்த நூலே சாட்சி. கல்யாணப் பெண்ணுக்கு அங்கே சிவப்புப் பாந்தனிதான் மங்கலம் என்றார். நானும் அவரும் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துக் குறுக்கே இழுத்தோம். பட்பட்டென்று நூல் தெறித்து, சுருங்கிக் கிடந்த புடவை விரிந்துகொண்டே போனது. நூலை முடிச்சுப் போடுவதில்லை, சுற்றி மட்டும்தான் விடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். நம் பக்கத்தில் சுங்குடிக்கு அந்தப் பவிசு கிடையாது. வெயிலுக்கு ஆகும், பிள்ளை பெற்றவளுக்கு ஆகும், வயசானவளுக்கு ஆகும் என்பார்கள். உடம்பில் கிடப்பதே தெரியாது. எனக்கும் அது போதும்.

ஒருநாள் அதைக் கட்டிக்கொண்டு அம்மாவுக்குச் சாதம் ஊட்டக் குனிந்தேன். முந்தானை சரிந்து அவள் கைமேல் விழுந்தது. சும்மா இருக்காத கை அது. எப்போதும் போர்வையை நெருடிக்கொண்டே இருக்கும், தறியில் அறுந்த இழையைத் தேடுகிற மாதிரி. விரல் புள்ளிகளில் பட்டதும் அம்மா முகம் சுளித்தாள்.

"இன்னா நெசவு இது? ஊர்ப்பட்ட முடிச்சா கீது."

லுங்கி நெய்கிறவர்களுக்குத் துணியில் முடிச்சு தட்டுப்பட்டால் குற்றம். ஒவ்வொரு புள்ளியாகத் தடவித் தடவிப் பிரிக்கப் பார்த்தாள். அந்த மும்முரத்தில் வாயைத் திறந்தாள், ஊட்டினேன், விழுங்கினாள். தட்டு காலியானது. கொஞ்ச நாளில், முடிச்சுத் துணி கட்டி வருகிறவள் பெரியவள், அதாவது நான் என்று அவளுக்குள் எப்படியோ பதிந்துவிட்டது. முந்தானை கையில் பட்டால், பெரியவளே வந்துட்டியா என்பாள். வேறு புடவை கட்டிக்கொண்டு போனால் மறுபடியும், யாரும்மா நீ. புடவையைத் துவைத்துக் காயப்போட்டால், அது உலரும் வரை எனக்கும் அம்மாவுக்கும் அறிமுகம் கிடையாது.

அதனால் அதைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டேன். முதல் தடவை கல்லுப்பு போட்ட தண்ணீரில் ஊறவைத்தேன். அப்புறம் எப்போதும் தனியாகத்தான் அலசுவது. பிரஷ் போடுவதில்லை, முறுக்கிப் பிழிவதில்லை. நிழலில், உள்பக்கம் வெளியே தெரிகிறமாதிரி காயப்போடுவேன். கஞ்சி கூடாது, இஸ்திரி கூடவே கூடாது, புள்ளி படுத்துவிடும். தைக்கக் கொடுக்க வருகிற அத்தனை பேருக்கும் இந்தப் பாடத்தை ஒப்பித்திருக்கிறேன். தங்கைக்குச் சொல்லத் தோன்றவில்லை.

அவள் ஒரு கிருத்திகைக்குச் சென்னையிலிருந்து வந்தாள். போனில் தினமும் யோசனை சொல்கிறவள்தான், அம்மாவுக்கு அதைக் கொடு, இதைக் கொடு, ஏன் இளைத்துப்போனாள் என்று. நான் அரக்கோணத்துக்கு மருந்து வாங்கப் போன நேரத்தில் அம்மாவோடு இருந்தாள். திரும்பி வந்தால் கூடத்தில் என் சுங்குடி, மடித்து, காகித அட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது.

அக்கா பாவம், கசங்கின புடவையோடேயே திரிகிறாள் என்று அவளுக்கு மனசு தாங்கவில்லையாம். சோற்றுக் கஞ்சியைக் கெட்டியாகக் கரைத்து, முக்கி, வெயிலில் போட்டு, தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கொடுத்து அழுத்தித் தேய்த்து வாங்கியிருக்கிறாள். தறிக்காரி வீட்டுப் பெண்தானே. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டே வளர்ந்தவர்களுக்குக் கஞ்சி இல்லாத துணி ஒரு துணியா? அம்மாவும் நல்ல நிலையில் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பாள்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். இரண்டு ஆப்பிளும் பிஸ்கட் பாக்கெட்டும் கொண்டுவந்தால் மகளாகிவிட முடியாது என்றும் சொன்னேன். அவள் விஷயம் புரியாமல் முழித்தாள். அப்புறம் கட்டிலருகே நடந்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். நான் அதையே கட்டிக்கொண்டு போய்க் குனிந்தேன், விறைத்த முந்தானை பட்டதும் அம்மா கையை இழுத்துக்கொண்டாள். ஊட்டப் போனால் வாயை இறுக மூடிக்கொண்டு, எங்க பெரியவள கூப்புடு என்றாள். நான்தாம்மா அது என்றேன். நம்பவில்லை. கஞ்சியை அலசிவிட்டுக் கட்டிப் பார்த்தேன். துணி மெத்தென்று ஆனதே தவிர, புள்ளி எழும்பவில்லை. மறுநாளும் மாத்திரை உள்ளே போகவில்லை. தங்கை ஊருக்குக் கிளம்பவில்லை.

கட்டின புள்ளிதானே, மறுபடி கட்டினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. சாயம் வேண்டாம், தடம் வந்தால் போதும். முந்தானையை மட்டும் நனைத்து இருவரும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியையும் கிள்ளித் தூக்கி, நூலை நாலு சுற்று சுற்றி, அடுத்ததற்குத் தாவ வேண்டும். எனக்கு ஊசி பிடித்துப் பிடித்து நகமெல்லாம் தேய்ந்து மொண்ணை, பிடி நழுவியது. தங்கை பாலிஷ் போட்டு வளர்த்த நகத்தால் சுலபமாகக் கிள்ளினாள். நான் சுற்றினேன். அவ்வளவு பக்கத்தில் நாங்கள் உட்கார்ந்து பல காலம் இருக்கும். இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. தினமும் இப்படித்தானா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். ஆங் என்றேன்.

நிழலில் நன்றாகக் காயவைத்து, மறுநாள் பகலில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். நூல் தெறித்தது. தடவிப் பார்த்தேன். எழும்பியிருந்தது. முன்புபோல் முழுசாக இல்லை, ஆனால் விரலுக்குத் தட்டுப்பட்டது.

தங்கை புடவையை என்னிடம் நீட்டினாள். எனக்கு அதைக் கட்டிக்கொண்டு நிற்கக்கூடத் திராணி இல்லை. கொஞ்சம் வீம்பும் இருந்தது, பொய் சொல்லவில்லை. நீயே கட்டினு போ, ஊட்டிப் பாரு, அப்பதான் தெரியும் என்றேன். கட்டிக்கொண்டு போனாள். நான் கதவோரம் நின்றேன்.

அம்மாவின் கை போர்வையில் அலைந்து முந்தானையைப் பிடித்தது. ஒரு புள்ளி, அடுத்த புள்ளி.

"வந்துட்டியா பெரியவளே? இத்தினி நாளா எங்க போயிட்ட?"

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் ஒரே குரல், போனில் அவள் வீட்டுக்காரரே ஏமாறுவார். இங்கதாம்மா இருக்கேன் என்று சொல்லிவிட்டு ஸ்பூனை எடுத்தாள். அம்மா வாயைத் திறந்தாள். மாத்திரையையும் விழுங்கினாள்.

அம்மா சாப்பிட்டதில் சந்தோஷம்தான். ஆனாலும் வயிறு எரிந்தது. இத்தனை காலம் பீயும் மூத்திரமும் அள்ளினவள் நான், பெயர் ஒரு புடவைக்கு. அழலாம் என்று பார்த்தேன், அதற்கும் தெம்பில்லை. உள்ளே போகத் திரும்பியபோது கால் சொம்பில் இடறியது. அம்மா தலையைத் தூக்கினாள்.

"அது யாரு?"

தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தயங்கி, "சின்னவம்மா, மெட்ராஸ்லேர்ந்து வந்துகிறா" என்றாள்.

"பாவம், ரயில்ல நின்னுகினே வந்திருப்பா. சோறு போட்டு, மொதல்ல அவள படுக்கச் சொல்லு."

அந்த வீட்டில் என்னைப் படுக்கச் சொல்லிக் கேட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. சோறு அப்புறம் ஆகட்டும் என்று பாயை உதறிப் போட்டேன். படுத்தேன்.