சமதரையில் வழி தவறியவர்

எனக்குக் கல்யாணமாகி அப்போது மூன்று மாதம். அறுபதுகளின் தொடக்கம். கொடைக்கானல் கடைவீதியில் குடையும் கம்பளியும் விற்கிற குடும்பம் அவருடையது. அய்யம்பாளையத்தில் இருந்த அவருடைய பெரியம்மா வீட்டு விருந்துக்காக மலையிலிருந்து இறங்கி வந்திருந்தோம். மறுநாள் காலை அங்கிருந்து சித்தையன்கோட்டைக்கு, என் அம்மா வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

காலை பஸ் வரவில்லை. வழியில் எங்கேயோ நின்றுவிட்டது, இனி மத்தியானம்தான் என்று டீக்கடைக்காரர் சொன்னார்.

"மத்தியானம் வரைக்கும் இங்க கெடக்க முடியாது. வயக்காட்டு வழியா ஷார்ட் கட் இருக்குன்னு பெரியம்மா சொல்லியிருக்காங்க. நடந்துருவோம்" என்றார் அவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மலையில ஏறி எறங்குற காலு இது. சமதரையில நடக்குறதெல்லாம் ஒரு நடையா?" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்தப் பாதை எனக்குத் தெரியும். என்னைப் பெற்ற அத்தா தோட்டத்து வீடுகளுக்குத் துணி மூட்டை கொண்டுபோய் விற்பவர். பத்து வயது வரைக்கும் நானும் பின்னாலேயே ஓடியிருக்கிறேன். ஆனால் அவர் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த மூன்று மாதத்தில் நாங்கள் பேசிக்கொண்ட மொத்தப் பேச்சையும் ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம், முகவரிக்கும் இடம் மிஞ்சும்.

மாமனார் வீட்டுக்குப் போகிறவர் என்பதால் பழுப்பு நிறக் கம்பளிக் கோட்டும் பளபளவென்ற கறுப்பு பூட்ஸும் போட்டிருந்தார். கையில் ஒரு கூடை பேரிக்காய். நான் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நாலடி பின்னால் நடந்தேன். தென்னந்தோப்பு முடிவதற்குள் அவருக்கு வேர்த்துவிட்டது. கோட்டைக் கழற்றவில்லை.

"காத்து நல்லா அடிக்குது" என்றார். ஒரு தென்னை ஓலைகூட அசையவில்லை.

தோப்பைத் தாண்டினால் நெல் வயல். அங்கேதான் வம்பு தொடங்கியது. மலையில் பாதை என்றால் ஒன்று மேலே போகும், இல்லாவிட்டால் கீழே போகும். இங்கே நாலு பக்கமும் வரப்பு. எல்லாமே பாதை மாதிரிதான் தெரிந்தது. அவர் ஒரு வரப்பில் விறுவிறுவென்று போவார், அது கிணற்று மேட்டில் போய் முடியும். ஒன்றும் நடக்காதது போலக் கிணற்றை எட்டிப் பார்ப்பார். "நல்ல தண்ணி" என்று சொல்லிவிட்டுத் திரும்புவார். இப்படி மூன்று கிணறு பார்த்தோம்.

"மலை நமக்கு முதுகுப் பக்கம் இருக்கணும் மச்சான்" என்றேன் மெதுவாக.

"அது எனக்குத் தெரியாதா?" என்று திரும்பி நடந்தார். அவர் முதுகைக் காட்டியது கிழக்கே தெரிந்த சிறுமலைக்கு. மேற்கே இருக்கிற தன் பிறந்த ஊர் மலை எது என்று அவருக்கே தெரியவில்லை என்பதை எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரத்தில், காலையில் விட்டு வந்த அதே தென்னந்தோப்பு எங்கள் எதிரே வந்து நின்றது.

"இந்தப் பக்கமும் தோப்பு நெறைய இருக்கு" என்றார்.

நான் துப்பட்டியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். பிறகு மனசு கேட்காமல் முன்னால் நடந்தேன். அவர் பின்னால் வந்தார். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை வாய்க்கால் வரைக்கும்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பாதை இருக்க வேண்டிய இடத்தில் வரிசை வரிசையாகக் கத்தரிச் செடி நின்றது. மம்பட்டியோடு தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒரு வயசான அம்மா நிமிர்ந்தார்.

"ஏம்ப்பா கோட்டுக்காரத் தம்பி, செடிப் பக்கம் என்னா சோலி?"

"சித்தையன்கோட்டைக்குப் பாதை…" என்று நான் இழுத்தேன்.

"பாதை இருந்துச்சு தாயி. எல்லாரும் பஸ்ல போறாக. நடக்க ஆளு இல்லாத மண்ணு சும்மா கெடக்குதேன்னு கத்தரி வச்சோம்." பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ சவுளிக்கார ராவுத்தர் மகதான? மூட்டைக்குப் பின்னால ஓடியாருவியே. இதுதான் மாப்பிள்ளையா? இந்த வெயில்ல கம்பளி போட்டுருக்காரே, காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்லைங்க" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

"வாய்க்காலைத் தாண்டி இந்தக் கரையோட கெழக்கால போயி, புளியமரத்துல தெக்கால திரும்பி, மறுபடி கெழக்கால போங்க. வெரசா போங்க, வெயிலு ஏறுது."

அவர் தலையை ஆட்டினார். ஆனால் கிழக்கும் தெற்கும் அவருக்கு எட்டாத சமாச்சாரம் என்பது அந்தத் தலையாட்டலிலேயே தெரிந்தது. மஞ்சு மூடிய ஊரில் வளர்ந்தவருக்குச் சூரியன் எந்தப் பக்கம் உதித்தால் என்ன? இருந்தாலும் கெத்தை விடாமல், வாய்க்காலை ஒரே தாவாகத் தாண்டினார். கூடை அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. அவர் சேரவில்லை. முழங்கால் வரைக்கும் சேற்றில் நின்றார். ஒரு காலை உருவினார், கால் மட்டும் வந்தது. பூட்ஸ் வரவில்லை.

நான் சிரித்துவிட்டேன். சத்தமாக, வரப்பில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். முகம் சுண்டிப்போயிருந்தது. போச்சு, கோபித்துக்கொண்டார் என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"உனக்குச் சிரிக்கத் தெரியுமா புள்ள?" என்றார். "ஊமைப் பொண்ணைக் கட்டி வச்சுட்டாங்களோன்னு நான் மூணு மாசமா பயந்துக்கிட்டு இருந்தேன்."

அவரும் சிரித்தார். நான் துப்பட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினேன். அந்த அம்மா மம்பட்டியால் சேற்றைக் கிளற, ரெண்டு பேரும் கையை விட்டுத் துழாவினோம். பூட்ஸோடு ஒரு நண்டும் வந்தது. அவர் போட்ட அலறலில் வயலில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தது.

பேரிக்காயில் பாதியை அந்த அம்மாவுக்குக் கொடுத்தோம். மீதியில் நாலைந்தை நடந்துகொண்டே தின்றோம். கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் நடந்தார். கடைக்கு வருகிற வெள்ளைக்காரிகள் குடையை விரித்துக் கண்ணாடி முன் நின்று பார்ப்பதை நடித்தே காட்டினார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

வீட்டு வாசலுக்கு வந்தபோது உச்சி வெயில். அம்மா எங்களைப் பார்த்ததும் பதறி, "என்னங்க மாப்பிள்ளை, பஸ்ஸு கவுந்துருச்சா?" என்றார்.

"இல்லைங்க மாமி, சும்மா காலாற நடந்தோம்" என்றார் அவர். கால் சேறு முற்றமெல்லாம் தடம் போட்டிருந்தது.

சாப்பாடு முடிந்ததும் அத்தா, திரும்பிப் போக மாட்டு வண்டி பேசிவிடுகிறேன் என்று எழுந்தார்.

"வேண்டாங்க மாமா" என்றார் அவர். "நடந்தே போயிருவோம். ஒங்க மக முன்னால போவா. நான் பின்னாலயே போயிருவேன்."